வைக்கோல் கோடீஸ்வரர்கள்

பஞ்சாப் விவசாயியைப் போல ஒரு முட்டாள் உலகத்தில் கிடையாது. வயல் நிறையச் செல்வம் கிடக்க, அதைக் கொளுத்திவிட்டுப் போகிறான். ‘கழிவிலிருந்து செல்வம்’ என்று டெல்லிக்காரர்கள் தொண்டை வறளச் சொல்லியும் அவன் காதில் ஏறவில்லை.

ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் நெல் வைக்கோல். அதை அப்புறப்படுத்த அவனுக்குக் கிடைப்பது மூன்று வாரம். நிலத்தடி நீர் வற்றுகிறதென்று 2009-இல் சட்டம் போட்டார்கள்: ஜூன் 10-க்கு முன்னால் நடவு கூடாது. நடவு தள்ளினால் அறுப்பும் தள்ளும். அடுத்துப் போட வேண்டிய கோதுமையின் விதைப்பு தள்ளாது. சட்டம் எழுதிய மகான்கள் காலண்டரில் அக்டோபரைப் புரட்டவே இல்லை. அறுவடை இயந்திரம் போன பிறகு முழங்கால் உயரத் தாளும், அதன்மேல் வரிவரியாக வைக்கோலும். தாளை வெட்ட ஒரு இயந்திரம், கூட்டிச் சேர்க்க ஒன்று, கட்டுக் கட்ட ஒன்று, ஏற்றிப்போக டிராக்டர். எல்லாம் வாடகை, எல்லாம் டீசல், எல்லாவற்றுக்கும் வரிசை. தீப்பெட்டியோ இரண்டு ரூபாய். அதுவும் 2021-இல் சிவகாசிக்காரர்கள் விலையேற்றிய பிறகு.

சும்மா இருக்குமா அரசு? 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிப்பட்டில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் எத்தனால் ஆலை திறந்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல் தின்று 3 கோடி லிட்டர் எத்தனால் கக்கும் என்றார்கள். பஞ்சாப் வைக்கோல் அத்தனையையும் தீர்க்க இப்படி நூறு ஆலை போதும். வெறும் 90,000 கோடி. 2018-இல் இன்னொரு திட்டம்: 2023-க்குள் சாண எரிவாயு போல வைக்கோலிலும் குப்பையிலும் எரிவாயு எடுக்க 5,000 ஆலை. கெடு முடிந்தபோது நூறைக்கூடத் தொடவில்லை. விளம்பரப் பலகைகள் மட்டும் இலக்கைத் தாண்டியிருக்கும்.

ஏன் ஓடவில்லை? ஆலைக்குத் தீனி பன்னிரண்டு மாதமும் வேண்டும். வைக்கோல் கிடைப்பது இருபது நாள். வருடச் சரக்கு மொத்தத்தையும் அந்த இருபது நாளில் காசு கொடுத்து வாங்கி, ஏக்கர் கணக்கில் போர் போட்டு, மழைக்கும் பீடித் துண்டுக்கும் காவல் நிற்க வேண்டும். லாரியில் ஏற்றினால் பாதி காற்றுக்குத்தான் வாடகை. கொதிகலனில் போட்டாலோ, வைக்கோலின் சிலிக்காவும் பொட்டாஷும் உருகிக் குழாய்களில் கண்ணாடியாய் ஒட்டிக்கொள்ளும். நிறுத்திச் சுரண்ட வேண்டும். முடங்கிய பணத்தின் வட்டியையும் சுரண்டுகிற கூலியையும் எந்த ரிப்பன் வெட்டும் விழாவிலும் யாரும் வாசிப்பதில்லை.

வைக்கோலைக் கரியாக்கி மண்ணில் புதைத்தால் டாலர் கொட்டுமாம். கொட்டத்தான் செய்கிறது. 2025 ஜனவரியில் கூகுள், வராஹா என்ற இந்திய நிறுவனத்திடம் 1 லட்சம் டன் கரிம வரவு (கார்பன் கிரெடிட்) வாங்க ஒப்பந்தம் போட்டது. மூலப்பொருள் பஞ்சாப் வைக்கோல் என்றா நினைத்தீர்கள்? குஜராத்துச் சீமைக் கருவேலம்! கட்டையில் கரி அதிகம், சாம்பல் குறைவு. வியாபாரிக்குக் கணக்குத் தெரிகிறது. (நம் ராமநாதபுரத்துக் கரிமூட்டக்காரர்கள் இதே மரத்தோடு தலைமுறையாகப் புகையில் வேகிறார்கள், அவர்களைத் தேடி எந்த கூகுளும் வந்ததில்லை.)

எரிக்காத சிறு விவசாயிக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் கொடுங்கள் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஒரு தொகை இரட்டிப்பானது. அந்த நூறு அல்ல, எரித்தால் கட்டும் அபராதம். இரண்டு ஏக்கருக்குக் கீழே 5,000, ஐந்து ஏக்கருக்கு மேலே 30,000. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழைய கதை. இப்போது ரசீது மிஞ்சுகிறது. நாட்டு ரேஷன் கடைக்கு அவன் அரிசி வேண்டும். நெல்லுக்கு ஆதார விலை உண்டு. அதே பயிரின் வைக்கோலை அள்ள அந்த விலையில் ஒரு பைசா எழுத மட்டும் பேனாவில் மை இல்லை.

ஆனாலும் தீ குறைந்துவிட்டதாம், புள்ளிவிவரம் சொல்கிறது. தீயை எண்ணும் செயற்கைக்கோள்கள் மதியம் ஒன்றரை மணி வாக்கில் தலைக்கு மேல் போகின்றன. முட்டாள் விவசாயி சாயங்காலம் கொளுத்துகிறான். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, நாளெல்லாம் ஆசியாவையே பார்த்துக்கொண்டிருக்கும் தென்கொரியச் செயற்கைக்கோள். அடுத்த அபராத நோட்டீஸ் சியோலுக்குப் போகும்.