பக்கம் எக்ஸ்எக்ஸ் பார்க்கவும்

இந்த இதழ்: ரோல்பிளே விளையாட்டுகளின் விதிநூல்கள், அவற்றின் பிழைகள், திருத்தங்கள்

கே: நாவலில் அச்சுப்பிழை இருந்தால் தாண்டிப் போய்விடுகிறோம். விளையாட்டு விதிநூலில் இருந்தால் மட்டும் ஏன் இத்தனை கூப்பாடு?

ப: நாவலைப் படிக்கிறோம், விதிநூலைப் புழங்குகிறோம். கதையில் ‘வந்தான்’ என்பது ‘வந்தாள்’ என்று அச்சாகியிருந்தால் மனமே சரிசெய்துகொள்ளும். விதிநூலில் 4 என்பது 14 ஆகிவிட்டால் மனத்துக்கு என்ன தெரியும்? 14தான் விதி என்று நம்பி ஐந்து பேர் பகடை உருட்டுவார்கள். மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் அந்த ஓர் எண்ணால் செத்துப்போகும். அச்சு பிழைத்தால் ஆள் பிழைக்க மாட்டான்.

கே: இவ்வகை விளையாட்டின் முதல் நூலாவது தெளிவாக இருந்ததா?

ப: இல்லை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கினார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், முதல் அச்சில் 1000 பிரதிகள். ‘செயின்மெயில்’ என்ற இன்னொரு போர் விளையாட்டின் விதிகள் வாங்குபவரிடம் ஏற்கெனவே இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. அது இல்லாதவர்கள் பெட்டியில் இருந்த மாற்று முறையைப் பிடித்துக்கொண்டார்கள். மீதி இடைவெளியை அவரவர் ஊகத்தால் நிரப்பினார்கள். ஊருக்கு ஒரு விதி பிறந்தது.

சந்தேகங்கள் குவிந்ததில் 1979இல் ‘டிராகன்’ இதழ் ‘சேஜ் அட்வைஸ்’ என்ற பகுதியைத் தொடங்கியது. முதலில் பதில் எழுதியவர் ஜீன் வெல்ஸ். நீங்கள் இப்போது படிப்பதைப் போன்ற கேள்வி-பதில் பகுதிதான் அதுவும். புத்தகம் சொல்லாமல் விட்டதைத்தான் வாசகர் தபாலில் கேட்கிறார்.

கே: தலைப்பில் உள்ள ‘எக்ஸ்எக்ஸ்’ எந்தப் பக்கம்?

ப: எந்தப் புத்தகத்திலும் இல்லாத பக்கம். எழுதும்போது ஆசிரியருக்குப் பக்க எண் தெரியாது. ‘விஷத்துக்கான விதிகளுக்குப் பக்கம் எக்ஸ்எக்ஸ் பார்க்கவும்’ என்று இடம்விட்டு எழுதிப் போவார். பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு யாராவது உட்கார்ந்து ஒவ்வோர் இடத்திலும் எண் போட வேண்டும். அச்சகத்துக்குப் போக மிச்சமிருக்கும் கடைசி மணிநேரத்தில்தான் இந்த வேலை வரும். அதனால் எக்ஸ்எக்ஸ் அப்படியே அச்சேறிவிடுகிறது. 1990களில் ஒயிட் உல்ஃப் நிறுவனத்தின் நூல்கள் இதற்குப் பேர்போனவை. பெல்கிரேன் பிரஸ் பின்னாளில் தன் இதழுக்கே ‘சீ பேஜ் எக்ஸ்எக்ஸ்’ என்று பெயர் வைத்தது.

கே: இப்போதுதான் கணினி இருக்கிறதே, ஒரே தட்டில் எல்லாவற்றையும் திருத்திவிடலாமே?

ப: ஒரே தட்டில் கெடுக்கவும் செய்யலாம். 1994இல் டிஎஸ்ஆர் நிறுவனம் ‘என்சைக்ளோபீடியா மேஜிகா’ நூலை வெளியிட்டபோது ‘மேஜ்’ என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் ‘விஸர்ட்’ என்று மாற்றினார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘டேமேஜ்’ என்ற சொல்லுக்குள்ளும் அந்த மேஜ் ஒளிந்திருக்கிறது. அடிபட்டால் உண்டாகும் சேதம் ‘டாவிஸர்ட்’ ஆகிவிட்டது, ‘இமேஜ்’ ‘ஐவிஸர்ட்’ ஆகிவிட்டது. தமிழில் ‘மணி’யை எல்லாம் ‘நேரம்’ ஆக்கச் சொன்னால் கண்மணி கண்நேரம் ஆவாள், சுப்பிரமணி சுப்பிரநேரம் ஆவார். இயந்திரத்துக்கு எழுத்து தெரியும், சொல் தெரியாது. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் பார்த்து ‘ஆம்’ சொல்ல வேண்டும்.

கே: எழுத்துப்பிழையே இல்லாத விதியும் தவறாகப் போகுமா?

ப: அவைதான் மிகவும் ஆபத்தானவை, மெய்ப்பு பார்ப்பவர் கண்ணில் படவே படாது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் 2003இல் வந்த 3.5 பதிப்பில் மூன்று உதாரணங்கள் பிரசித்தம்.

ஒன்று: நீரில் மூழ்குபவரின் உயிர்ப்புள்ளி 0 ஆகும் என்கிறது விதி. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு அது இறக்கம். படுகாயத்தில் மைனஸ் 8இல் கிடப்பவருக்கோ ஏற்றம்! எழுத்துப்படி பார்த்தால் அவரைக் குளத்தில் அமுக்குவது வைத்தியம். ‘0 ஆகும்’ என்பதற்குப் பதில் ‘0க்குக் குறையும்’ என்றிருந்தால் சிக்கலே இல்லை.

இரண்டு: வெறுங்கையால் சண்டை போடும் துறவி வகுப்பு. அவருக்குப் பயிற்சியுள்ள ஆயுதங்களின் பட்டியலில் வெறுங்கை இல்லை.

மூன்று: ‘இறந்த நிலை’ என்பதற்கான விளக்கத்தில், இறந்தவர் ஏதும் செய்ய முடியாது என்ற வரி கிடையாது.

எழுதியவருக்கு இவை சொல்லாமலே விளங்கியவை. சொல்லாமல் விளங்குவதையும் கேட்டுப்பார்ப்பதற்குத்தான் எடிட்டர்.

கே: அட்டவணை ஒன்று சொல்கிறது, உரை வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?

ப: மேற்படி 3.5 பதிப்பின் திருத்தப் பட்டியலே இதற்குத் தீர்ப்பு சொன்னது: உரைதான் செல்லும். அட்டவணை பெரும்பாலும் உரையின் சுருக்கம். சுருக்கும்போது சிந்துவது அதிகம்.

கே: அதே விளையாட்டின் 2014 பதிப்பில் ஒரு சொல்லை வைத்து எங்கள் குழுவில் அரைமணிநேரம் சண்டை. அது நியாயமா?

ப: எந்தச் சொல் என்று ஊகிக்க முடிகிறது. அதில் ‘கைகலப்பு ஆயுதத் தாக்குதல்’ வேறு, ‘கைகலப்பு ஆயுதத்தால் தாக்குதல்’ வேறு. முதலாவதில் வெறுங்கைக் குத்தும் சேரும், இரண்டாவதில் சேராது. இது போதாதென்று முதல் அச்சின் ஆயுத அட்டவணையில் வெறுங்கைக் குத்தும் இடம்பெற்றிருந்தது. பிறகு திருத்தம் வெளியிட்டு அதை நீக்கினார்கள். வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் மூன்றாம் வேற்றுமை உருபின் தலையில் ஒரு விதியின் முழுப் பாரத்தையும் ஏற்றக் கூடாது. இரவு பத்து மணிக்குப் பகடையும் கையுமாக இருப்பவர் ‘ஆல்’ உருபைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். இரண்டு பொருளுக்கு இரண்டு வெவ்வேறு பெயர் வைப்பது எடிட்டரின் கடமை.

கே: திருத்தப் பட்டியல் நீளமாக இருந்தால் நூல் மோசம் என்று அர்த்தமா?

ப: பட்டியலே வெளியிடாத பதிப்பகத்தைவிட நீண்ட பட்டியல் வெளியிடும் பதிப்பகத்தை மதிக்கிறேன். நம் பழைய நூல்களின் கடைசியில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு பக்கம் இருக்கும், பேனாவால் திருத்திக்கொண்டு படிக்கத் தொடங்குவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் எல்லை உண்டு. 2008இல் வந்த நான்காம் பதிப்புக்கான திருத்தங்களின் தொகுப்பு நூறு பக்கத்தைத் தாண்டியது. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் ஒன்று, ஆடும் விளையாட்டு வேறொன்று என்ற நிலை வந்தது. எழுத்துப்பிழை, தெளிவுபடுத்தல், விதி மாற்றம் மூன்றும் ஒரே பட்டியலில் கலந்திருந்தால் வாசகர் திணறிப்போவார். மூன்றையும் பிரித்து, தேதியிட்டு, எந்த அச்சுக்கு என்று குறித்துக் கொடுத்தால் பாதித் துயரம் தீரும்.

கே: நன்றாக எடிட் செய்யப்பட்ட ஒரு நூலைச் சொல்லுங்கள்.

ப: கேவின் நார்மனின் ‘ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’, 2019. 1981இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளையே எடுத்து, ஒழுங்குபடுத்தி எழுதியது. ஒரு தலைப்பைத் திறந்தால் அதற்கு வேண்டியது எதிரெதிரான இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும். இன்னொரு பக்கம் 1979இன் ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ இருக்கிறது. கற்பனையில் அதற்கு நிகரில்லை, ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தேடியே மாலை போய்விடும். கஜானா நிறையத் தங்கம், கொத்துச்சாவியில் எந்தச் சாவி என்றுதான் தெரியாது.

கே: எழுதியவரே இரண்டு முறை படித்துப் பார்த்தால் போதாதா?

ப: போதாது. தன் பிள்ளையின் மழலை தாய்க்கு எப்போதும் புரியும். எடிட்டர் ‘இந்த விதி நடக்குமா?’ என்று கேட்பார். மெய்ப்பு பார்ப்பவர் ‘எழுத்து சரியா?’ என்று கேட்பார். மூன்றாவதாக, ஆசிரியரை அறியாத ஒரு குழுவிடம் நூலைக் கொடுத்து, ஆசிரியர் வாயே திறக்காமல் ஆடிப்பார்க்கச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் புத்தகத்தோடு ஆசிரியரின் வாய் கூட வராது.

கே: ஆட்டத்தின் நடுவில் பிழையைக் கண்டால் நாங்கள் என்ன செய்வது?

ப: ஆட்டத்தை நடத்துபவர் ஒரு முடிவு சொல்லட்டும், ஆட்டம் தொடரட்டும். முடிந்ததும் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள், பதிப்பகத்துக்கும் எழுதுங்கள். முன்பணம் கொடுத்தவர்களுக்கு அச்சுக்கு முன்பே பிடிஎஃப் அனுப்பிப் பிழை கேட்கும் வழக்கம் இப்போது பலரிடம் இருக்கிறது. அடுத்த அச்சு உங்கள் கடிதத்தால் திருந்தும்.

கே: பிழையே இல்லாத விதிநூல் ஒருநாள் வருமா?

ப: வராது. ஆனால் பிழை குறைந்துகொண்டே வரும், யாராவது மெனக்கெட்டால். பழைய புத்தகமாக நான் வாங்கிய ஒரு விதிநூலில் ‘பக்கம் எக்ஸ்எக்ஸ்’ என்ற இடத்தில் முந்தைய சொந்தக்காரர் எக்ஸ்எக்ஸை அடித்துவிட்டுச் சின்ன எழுத்தில் 112 என்று எழுதியிருந்தார். திருப்பிப் பார்த்தேன். சரியான பக்கம்தான். தேடி அலைந்த எரிச்சலைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு, அடுத்தவருக்கு வழியை மட்டும் விட்டுப்போயிருக்கிறார். எடிட்டிங் என்றால் அவ்வளவுதான்.