குச்சி ஐஸும் மரக்காணம் உப்பும்

கேள்வி: ஃப்ரீசரில் தண்ணீர் சீக்கிரம் உறைகிறது. பிள்ளைக்கு ஊற்றிவைத்த குச்சி ஐஸ் மட்டும் இழுத்தடிக்கிறதே, ஏன்?
- வாசகி, திண்டிவனம்

பதில்: சர்க்கரை செய்கிற குறும்பு. எது கரைந்திருந்தாலும் தண்ணீர் 0 டிகிரியில் உறைய மறுக்கும். உங்கள் ஊருக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பாக விளைகிற கடல்நீருக்கு மைனஸ் 2 டிகிரியாவது வேண்டும். அதே உப்பை நொறுக்கிய ஐஸில் கலந்தால் குளிர் மைனஸ் 20 வரை இறங்கும். குல்ஃபிக்காரர் பானைக்குள் நடக்கும் வித்தை அதுதான். சர்க்கரையைக் குறைக்க மனமில்லையா? சின்னக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். சூடாக வைத்தால் சீக்கிரம் உறையும் என்று 1963-ல் தான்சானியா மாணவர் எம்பெம்பா கண்டார். விஞ்ஞானிகளின் சண்டை இன்னும் ஓயவில்லை. முதலில், நிமிஷத்துக்கொரு தரம் கதவைத் திறந்து "ஆச்சா?" என்று பார்க்கும் பிள்ளையை விழுப்புரம் பாட்டி வீட்டுக்கு பஸ் ஏற்றுங்கள்.