உப்புமாங்காய்ப் பரணியில் கிட்டப்பா

எங்கள் மாமி வீட்டு உப்புமாங்காய்ப் பரணிக்குப் பல வருஷங்களாக எஸ்.ஜி. கிட்டப்பாதான் மூடி.

வெள்ளறடையில் மூடி என்பது சில்லறை விஷயமில்லை. இடவப்பாதியும் துலாமழையும் தவறாமல் வந்து போகும் ஊர். ரப்பர் ஷீட்டுக்கே புகை போட்டால்தான் பூசணத்திலிருந்து தப்பும். மாமி பரணியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்மேல் கறுப்பாக, கனமாக, நடுவில் ஓட்டையோடு ஒரு தட்டை வைத்திருந்தார். ஒருநாள் கஞ்சிக்கு மாங்காய் எடுக்கப் போன நான் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். உப்பு தின்று மிச்சம் வைத்த லேபிளில் கொலம்பியா கம்பெனியின் இரட்டை இசைக்குறி, அதன் கீழே ‘கிட்டப்பா’. மாங்காயை மறந்துவிட்டேன்.

“ஓ, அதா? எங்க அப்பனுக்கப் பாட்டுப்பெட்டிக்க பிளேட்டு. பெட்டிய எப்பமோ தூக்கிப் போட்டாச்சு. இது மூடிக்குக் கொள்ளாம்னு வச்சிருந்தேன்” என்றார் மாமி. “நடுவில ஓட்ட இருக்குல்லா, ஆவி போவும்.”

கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்து 1933இல், 27 வயதில், போய்ச் சேர்ந்தவர். நாடக மேடையில் அவர் குரலெடுத்தால் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கும் என்பார்கள். நம் காதுக்கு மிஞ்சியது அந்தத் தட்டுகள்தாம். அவர் காலத்தில் செங்கோட்டையும் திருவிதாங்கூர், வெள்ளறடையும் திருவிதாங்கூர். இரண்டு ஊருக்கும் ஒரே மகாராஜா. 1956 நவம்பர் 1ஆம் தேதி கோடு போட்டபோது செங்கோட்டை அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். பாட்டுக்காரர் மதராஸ் கணக்கிலும் அவருடைய தட்டு கேரளக் கணக்கிலும் சேர்ந்தது இப்படித்தான்.

“இது பொக்கிஷம் மாமி” என்றேன்.

“அப்படியா? எனக்கு ஒரு மூடி வாங்கித் தந்துட்டுப் பொக்கிஷத்தக் கொண்டு போ மக்கா.”

பனச்சமூட்டுச் சந்தையில் அலுமினிய மூடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இந்த வியாபாரத்தில் நான் லாபம் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

தட்டு வந்தாகிவிட்டது, போட்டுக் கேட்கப் பெட்டி வேண்டுமே. திருவனந்தபுரத்தில் ஒரு பழம்பொருள் கடையில் பித்தளைக் குழாய் பளபளக்க, முன்னால் நாய்ப் படம் ஒட்டிய கிராமபோனை வாங்கி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் சாவி கொடுக்கும்போது உள்ளே ‘டங்’ என்றது. மார்த்தாண்டத்திலிருந்து வந்த மெக்கானிக் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“சாரே, கொழாயி புதுசு. நாயி அதவிடப் புதுசு. உள்ள கெடக்க மோட்டாரு மட்டும்தான் பழசு. அதும் வேற பெட்டிக்க மோட்டாரு.”

பிறகு படித்ததில் மனசு ஆறியது. அந்த நாயின் பெயர் நிப்பர். பிரான்சிஸ் பராட் முதலில் வரைந்த படத்தில் நாய் காது கொடுத்தது கிராமபோனுக்கே அல்ல, எடிசன் வகை உருளைப் பெட்டிக்கு. 1899இல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்கியபோது, பழைய பெட்டியை மறைத்துத் தன் பெட்டியை அதன்மேலேயே வரையச் சொல்லிவிட்டது. உலகப் புகழ் பெற்ற நாயே பெட்டி மாறி உட்கார்ந்திருக்கும்போது நான் ஏமாந்ததில் என்ன அதிசயம்?

ஸ்பிரிங் மாற்றி, புது ஊசி போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டப்பாவை ஓடவிட்டேன். நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். முதலில் கடுகு வெடித்தது. அப்புறம் அப்பளம் பொரிந்தது. பொரியலுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் கிளம்பி மேலே, இன்னும் மேலே என்று போயிற்று. அடுப்படியில் இருந்த என் மனைவி கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். முடிந்ததும், “கொள்ளாம். ஆனா ஆரோ பக்கத்துல நின்னு மீன் பொரிக்கிற மாதிரி இருக்கு” என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். பழைய சாமான் வாங்கும் பனச்சமூட்டு ஆக்ரிக்கடைக்காரர் என் மனப்பலவீனத்தை ஒரே வாரத்தில் எடை போட்டுவிட்டார். எங்கள் எல்லையில் கடை ஒரு மாநிலத்திலும் அதன் குப்பை இன்னொரு மாநிலத்திலும் கிடக்கும். மலையாளத்தில் விலை சொல்வார், நான் தமிழில் பேரம் பேசுவேன். கடைசியில் இரண்டு மொழியிலும் அவரே ஜெயிப்பார்.

அவரிடமிருந்து ஒரு நாடக செட்டின் மூன்றாவது தட்டு கிடைத்தது. முன்கதையும் தெரியாது, முடிவும் தெரியாது. ராஜா எதற்கோ அழுகிறார். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ தட்டு வந்தபோது சொத்தே கைக்கு வந்துவிட்டதாகத் துள்ளினேன். 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்ட படம் ஆயிற்றே! மார்த்தாண்டத்து மெக்கானிக்தான் தண்ணீர் தெளித்து எழுப்பினார். எல்லோரும் வாங்கிய பாட்டு எல்லோர் வீட்டுப் பரணிலும் கிடக்கும், அதுவும் ஊசி உழுது உழுது வாய்க்கால் விழுந்து. யாருமே வாங்காத பாட்டுக்குத்தான் இன்றைக்கு மவுசு, ஏனென்றால் அச்சடித்ததே கொஞ்சம். அன்று தோற்ற பாட்டுக்காரர்களைத்தான் நாம் இன்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். அவர்கள் இதைக் கேள்விப்பட்டால் சிரிப்பார்களா, அடிப்பார்களா?

ஒருதரம் துணிப்பையில் பன்னிரண்டு தட்டுகளோடு எல்லை தாண்டும்போது ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். பை கனக்கிறது, ஆள் முழிக்கிறான். ரேஷன் அரிசி என்று நினைத்துவிட்டார். திறந்தால் கே.பி. சுந்தராம்பாள். “இதுக்கு உள்ள என்ன?” என்றார். “பாட்டு” என்றேன். தட்டைத் தட்டிப் பார்த்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, ஓட்டை வழியாக என்னையும் ஒருதரம் பார்த்துவிட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வருகிறவர்களும் தப்புவதில்லை. எம்.எஸ்.ஸின் தட்டு எதைப் போட்டாலும், “மிருதங்கத்தைக் கவனிங்க” என்பேன். அவருக்குப் பல பத்தாண்டுகள் மிருதங்கம் வாசித்த டி.கே. மூர்த்தி 1924இல் பிறந்தது நெய்யாற்றின்கரையில். எந்தத் தட்டில் மூர்த்தி, எதில் வேறொருவர் என்று பிரித்துச் சொல்ல எனக்குக் காது போதாது. ஆனாலும் எல்லாத் தட்டிலும் எங்கள் தாலுகாவே வாசிப்பதாகத்தான் வைத்துக்கொள்கிறேன்.

கோட்டயம் ஜில்லா பிளாசனாலில் சன்னி மாத்யூ நடத்தும் கிராமபோன் அருங்காட்சியகத்துக்கும் போய்வந்தேன். அவ்வளவு பெட்டிகளையும் தட்டுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிய இரவில் என் 61 தட்டுகள் ஏதோ டீக்கடை அடுக்கு மாதிரித் தெரிந்தன. மனைவி, “கேட்டியளா, இனி ஒரு தட்டு இந்த வீட்டுக்குள்ள வந்தா, சோத்துத் தட்ட நான் வெளிய வைப்பேன்” என்றதும் அன்றைக்குத்தான்.

புதிதாக வாங்காதே, இருப்பதைப் பராமரி என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். அங்கேதான் சனி. என் அக்கா மகன் இளையராஜாவின் எல்.பி.க்களாகச் சேர்க்கிறவன். மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைப்பான்; தட்டு கண்ணாடியாகிவிடும். அதே ஸ்பிரிட், அதே பஞ்சு, கிட்டப்பாவை மேஜையில் கிடத்தினேன். ஒரு சுற்றுத் துடைத்ததும் பஞ்சு கறுத்தது. அடேயப்பா, எத்தனை வருஷத்து அழுக்கு! புதுப் பஞ்சு. அதுவும் கறுத்தது. உற்சாகம் தாங்கவில்லை. எட்டுப் பஞ்சு கறுத்த பிறகுதான் தட்டில் விரல் ஒட்டியது.

எல்.பி. என்பது பிளாஸ்டிக், வினைல். 1948க்குப் பிறகு வந்த சாதி. பழைய 78 தட்டு அரக்கு. மரத்தில் பூச்சி வைக்கும் அரக்கைக் கல்தூளோடு குழைத்து அச்சடித்தது. அந்த அரக்கு உலகத்துக்கே பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் போயிற்று. தச்சர்கள் மரத்துக்கு மெருகு போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில். நான் துடைத்தது அழுக்கையல்ல, பாட்டை. உப்பும் மாங்காயும் சேர்ந்து இத்தனை வருஷத்தில் செய்யாததை நான் பத்து நிமிஷத்தில் செய்து முடித்தேன். ஊசி வைத்துப் பார்த்தேன். இப்போது மீன் பொரிகிற சத்தம்கூட இல்லை.

அந்தத் துலாமழையில் மாமி சொல்லியனுப்பினார். போனேன்.

“நீ தந்த மூடியில உப்புப் பிடிச்சு ஓட்டையா விழுந்துட்டு மக்கா. மாங்காயில பூசணம். அந்தப் பழைய பிளேட்டு இருந்தா தா.”

மறுநாளே கொண்டு கொடுத்தேன். துணிமேல் வைத்து அழுத்திப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு விரலால் தடவி, “இதில வரிவரியா இருந்துல்லா? நல்ல வழுவழுன்னு ஆக்கியிருக்கே. எப்படி மக்கா தொடச்சே?” என்று கேட்டார்.