ஆப்பும் பவர் டேபிளும்

திருப்பூரில் தைக்கப்படும் பனியன் கண்டெய்னரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் சென்று, பெரும்பாலும் கொழும்பு வழியாக ஐரோப்பாவை அடைகிறது. அதைச் சுமந்துசெல்லும் கப்பலின் தள்ளலைத் தாங்குவது எது என்ற கேள்வியில், பனியன் கம்பெனி முதலாளி ஒருவரும் கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற அவருடைய பங்காளி ஒருவரும் ஒத்துப்போகவில்லை.

"கப்பலைத் தள்ளுவது புரொப்பெல்லர், இதில் ஆராய என்ன இருக்கிறது, தம்பி?" என்றார் முதலாளி.

"புரொப்பெல்லர் தள்ளுவது தன் தண்டைத்தானுங்கண்ணா, அந்தத் தள்ளலை வாங்கிக் கப்பலின் உடலுக்குக் கைமாற்றுவது திரஸ்ட் பிளாக் எனப்படும் உந்துவிசைத் தாங்கி" என்ற எஞ்சினியர், பாகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டினார். தண்டோடு சேர்ந்து சுழலும் தடித்த வட்டத்தட்டு காலர். அதன் முன்புறம் முன்னோட்டத்துக்கும் பின்புறம் பின்னோட்டத்துக்குமாக வளைவாக வரிசைகட்டி நிற்கும் துண்டுகள் பேடுகள். பேடின் முகத்தில் பூசப்பட்டிருப்பது வெள்ளீயம், ஆண்டிமனி, செம்பு கலந்த வெள்ளை உலோகம்.

"புரிகிறது. புரொப்பெல்லர் பையர், காலர் கம்பெனி, பேடு நமக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிள். ஆனால் பேடின் முகம் ஏன் அத்தனை மென்மை?"

"எண்ணெய் வற்றினால் முதலில் அது உருகி, விலையுயர்ந்த காலரைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக."

"சிறந்த நிர்வாகம்!" என்று முதலாளி மெச்சினார்.

முன்பு ஒரே தண்டில் பல காலர்கள் இருந்ததையும், பாரம் காகிதத்தில் சமமாகப் பங்கிடப்பட்டாலும் உண்மையில் ஏதோ ஒன்றின் தலையில் விழுந்து அது சூடேறியதையும் எஞ்சினியர் விவரித்தபோது, ஜாப் ஒர்க் கணக்கு நினைவுக்கு வந்ததாலோ என்னவோ, முதலாளி பேச்சை மாற்ற முயன்றார். எஞ்சினியர் விடவில்லை. மெல்போர்னைச் சேர்ந்த மிச்செல் 1905இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், அமெரிக்கரான கிங்ஸ்பரியும் தனியே கண்டடைந்த அதே அமைப்பில், பேடு இறுக்கப்படாமல் ஒரு முனைப்பின்மேல் சற்றே சாயும்படி விடப்படுகிறது. சுழலும் காலர் இழுத்துவரும் எண்ணெய் அந்தச் சாய்வுக்குள் ஆப்பு வடிவில் நுழைந்து அழுத்தம் பெறுவதால், வேகம் பிடித்து ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஒரே காலர் போதுமானதாகிறது.

"ஆப்பு வைப்பது திருப்பூருக்குப் புதிதில்லையே!"

"இது கவிழ்க்கும் ஆப்பு இல்லைங்கண்ணா, தாங்கும் ஆப்பு. பேடுக்குச் சாயும் உரிமை இருந்தால்தான் உண்டாகும்."

முதலாளி நெடுநேரம் யோசித்துவிட்டு, பவர் டேபிள்காரரைத் தொலைபேசியில் அழைத்து, எப்பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்துகொள்ள அவருக்கு இன்றுமுதல் முழு உரிமை உண்டென்றும், ஷிப்மெண்ட் தேதி மட்டும் சாயாதென்றும் அறிவித்தார்.