மாறுவேடத்தில் ஒரு மகாராஜா டூர்

குடும்பத்தோடு வெளியூர் கிளம்பிப் பாதி வழியில் பல்பு வாங்கித் திரும்பியவர்கள் மனம் தளர வேண்டாம். உங்களுக்கெல்லாம் முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1791 ஜூனில் பிரான்சின் ராஜா பதினாறாம் லூயி, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். போனது ஒரு நாள், திரும்பியது நான்கு நாள்.

கதை இப்படி. 1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்து போனார்கள். ரொட்டியோடு ராஜா குடும்பத்தையும் கையோடு அழைத்து வந்து, பாரிஸில் துய்லரி அரண்மனையில் குடிவைத்துவிட்டார்கள். பெயருக்கு ராஜா, வாசலில் காவல். எத்தனை நாள்தான் பொறுப்பார்? கிழக்கு எல்லையில் மோன்மெதி என்றொரு கோட்டை. அங்கே தளபதி பூயே படையோடு காத்திருப்பார். போய்ச் சேர்ந்துவிட்டால் பாரிஸ்காரர்களை ஒரு கை பார்க்கலாம். தூரம் சுமார் 300 கிலோமீட்டர்.

சின்ன வண்டிகளில் இரண்டு பங்காகப் பிரிந்து, சத்தமில்லாமல் வந்து சேருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார் பூயே. குடும்பம் கேட்கவில்லை. போனால் எல்லோரும் ஒரே வண்டியில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றது. ஏற்பாடுகளைக் கவனித்தவர் ஸ்வீடன் நாட்டுப் பிரபு ஃபெர்சன். ராணி மேரி அந்துவானெத்துக்கு ரொம்ப வேண்டியவர். எவ்வளவு வேண்டியவர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். அவர் செய்வித்த வண்டி, தேர்த் திருவிழாவுக்குக் கிளம்பியது போலிருந்தது: பச்சை உடம்பு, மஞ்சள் சக்கரங்கள், உள்ளே வெள்ளை வெல்வெட், சாப்பாட்டுக்கு அலமாரி, ஒயினுக்கு இடம், அவசரத்துக்குத் தோல் கலயம். இழுக்க ஆறு குதிரை. கூடவே தாதிப் பெண்களுக்குத் தனி வண்டி. ரகசியப் பயணம்!

ராணி அதற்கும் முன்னாலேயே தன் ஒப்பனைப் பெட்டியை, சகோதரிக்குப் பரிசு என்று சாக்குச் சொல்லி, பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பப் பார்த்தார். அரண்மனை வேலைக்காரி ஒருத்திக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது. ஞாயிறு இரவு கிளம்ப வேண்டியது, சந்தேகப் பேர்வழி ஒருத்தியின் வேலை முறை முடியட்டும் என்று திங்களுக்குத் தள்ளிப்போனது. தேதி ஜூன் 20.

வேடப் பொருத்தம் பிரமாதம். பிள்ளைகளின் ஆசிரியை தூர்செல் அம்மாள்தான் ரஷ்யச் சீமாட்டி பாரனஸ் கோர்ஃப். பாஸ்போர்ட் அந்தப் பெயரில். ராணி, அந்தச் சீமாட்டியின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அம்மா. ராஜாவின் தங்கை எலிசபெத் பணிப்பெண். ராஜா, துராந்த் என்ற வேலையாள். ஆறு வயது இளவரசனுக்குக் கவுன் மாட்டிவிட்டார்கள். ஏதோ நாடகம் போடப்போகிறோம் என்று குழந்தை நினைத்துக்கொண்டது. அந்த வண்டியில் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவன்தான்.

அன்றைக்கென்று பார்த்து, காவலுக்குப் பொறுப்பான லாஃபயத், ராஜா படுக்கப் போகும் நேரத்தில் வந்து பேசிக்கொண்டே நின்றார். அவரை அனுப்பிவிட்டு, படுத்ததுபோல் படுத்து எழுந்து ராஜா நழுவுவதற்குள் நடுநிசி நெருங்கிவிட்டது. அடுத்து வந்த ராணியை உரசாத குறையாக அதே லாஃபயத்தின் வண்டி பந்தங்களோடு கடந்தது. அந்தப் பதற்றத்தில் அவர் சந்துக்குள் வழி தவறினார். தன் வீட்டு வாசலிலேயே வழி தெரியாதவர்கள் எல்லையைத் தேடிப் போகிறார்கள். வண்டிக்காரன் வேடத்தில் ஃபெர்சன் ஓட்ட, பாரிஸைத் தாண்டும்போது மணி இரண்டு.

விடிந்ததும் ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. காலை எட்டு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்து, லாஃபயத் இப்போது என்ன பாடு படுகிறாரோ என்று சிரித்தார். வண்டியிலேயே இறைச்சியும் ரொட்டியும் உள்ளே போயின. குதிரை மாற்றும் இடத்தில் இறங்கி, குடியானவர்களிடம் விளைச்சல் எப்படி என்று விசாரித்தார். வேலையாள் வேடத்துக்கு இவ்வளவு அக்கறை ஆகாது. நடுவில் குதிரைகள் விழுந்து வார் அறுந்ததில் இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

சோம்-வெல் என்ற இடத்தில் ஷுவாசல் பிரபு நாற்பது குதிரை வீரர்களோடு காத்திருந்தார். குத்தகைப் பாக்கி வசூலிக்கத்தான் பட்டாளம் வந்திருக்கிறது என்று சுற்றுவட்டக் குடியானவர்கள் தடியோடு கூடினார்கள். வண்டி வருகிற வழியாக இல்லை. இனி வராது என்று ஷுவாசலே முடிவு கட்டினார். அடுத்தடுத்த ஊர்களில் நிற்கும் படைகளுக்குத் தகவல் சொல்ல அவர் அனுப்பிய தூதர் யார்? ராணியின் தலை அலங்காரக்காரர் லெயோனார். இன்றைக்கு ஒன்றும் வராது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார் மனிதர். ஷுவாசல் காட்டுக்குள் புகுந்து வழியைத் தொலைத்தார். அதற்கப்புறம்தான் ராஜாவின் வண்டி ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. காவலுக்கு ஈ காக்கை இல்லை.

இரவு எட்டு மணிக்கு சாந்த்-மெனு. அங்கே குதிரை மாற்றும் நிலையத்தை நடத்தியவர் துரூவே, வயது 28, முன்னாள் குதிரைப் படைக்காரர். ராணியை முன்பே பார்த்த ஞாபகம். வேலையாளின் தடித்த முகத்தையும் எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தால், புதிதாக அடித்த ஐம்பது லிவ்ர் நோட்டில் அதே மூக்கு, அதே தாடை! ஊருக்கெல்லாம் தன் முகத்தை அச்சடித்துக் கொடுத்துவிட்டு மாறுவேடம் போட்ட முதல் ஆள் லூயியாகத்தான் இருக்கும். துரூவே குதிரையைத் தட்டிவிட்டார்.

வரென் என்ற சின்ன ஊரில் மாற்றுக் குதிரைகள் தயாராக இருந்தன. ஆற்றுக்கு அந்தக் கரையில். ராஜா குடும்பம் தேடியது இந்தக் கரையில். இரவு பதினொரு மணிக்கு வீடு வீடாகக் கதவைத் தட்டி, எங்கள் குதிரையைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அந்த இடைவெளியில் துரூவே வண்டியைத் தாண்டிப் போய், மரச்சாமான் ஏற்றிய ஒரு பாரவண்டியைப் பாலத்தின் குறுக்கே நிறுத்திவிட்டார்.

ஊர் அதிகாரி சோஸ், மளிகைக்கடைக்காரர், மெழுகுவத்தியும் விற்பவர். பாஸ்போர்ட் ஒழுங்காகத்தான் இருக்கிறது, போகட்டுமே என்றார். துரூவே விடவில்லை. சரி, விடிந்ததும் பார்க்கலாம் என்று சோஸ் எல்லோரையும் கடை மாடிக்கு ஏற்றினார். வெர்சாயை அறிந்த உள்ளூர் நீதிபதி ஒருவர் வந்தார். பார்த்ததும் பழக்க தோஷத்தில் மண்டியிட்டார். துராந்த் வேடம் அத்தோடு கலைந்தது. ராஜாவுக்குப் பசி. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு பர்கண்டி ஒயின். இப்படியொரு ஒயினைக் குடித்ததே இல்லை என்று பாராட்டினார் என்கிறார் வரலாற்றாசிரியர் கார்லைல். எங்களை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று ராணி, சோஸின் மனைவியிடம் கெஞ்சினார். உங்களுக்கு உங்கள் வீட்டுக்காரர் கவலை, எனக்கு என் வீட்டுக்காரர் கவலை என்று கைவிரித்துவிட்டார் அந்த அம்மாள்.

காலையில் பாரிஸிலிருந்து ஆணை வந்தது. ஏழரை மணிக்கு வண்டி திரும்பியது. பூயே படையோடு பாய்ந்து வந்தபோது மணி ஒன்பது.

திரும்பும் வழியில் வெயில், புழுதி, பக்கவாட்டில் கூட்டம். ஆறு பேருக்கே நெருக்கமான வண்டிக்குள் பாராளுமன்றப் பிரதிநிதிகள் பர்னாவும் பெத்தியோனும் ஏறிக்கொண்டார்கள். குட்டி இளவரசனுக்கு முட்டியபோது ராஜாவே கால்சட்டைப் பொத்தானைக் கழற்றி, வெள்ளிக் கோப்பையைப் பிடித்ததாக பெத்தியோன் எழுதிவைத்திருக்கிறார். எலிசபெத்துக்குத் தன்மேல் ஒரு கண் என்றும் அதே ஆள்தான் எழுதினார். அவருடைய கற்பனைக்கு வண்டி நெருக்கம் மட்டுமே சாட்சி. ஜூன் 25இல் பாரிஸில் நுழைந்தபோது சுவரொட்டி வரவேற்றது: ராஜாவுக்குக் கைதட்டினால் அடி, திட்டினால் தூக்கு. ஊரே தொப்பியைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றது. 1793 ஜனவரி 21இல் லூயியின் தலை போனது. அதற்கு ஓட்டுப் போட்டவர்களில் துரூவேயும் ஒருவர்.

துரோகம், விதி என்று ராஜ விசுவாசிகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். என்னைக் கேட்டால், அரண்மனையைவிட்டு ஓடுகிறவர் அரண்மனையையே கட்டிக்கொண்டு ஓடியதுதான் வினை. சாட்சி வேண்டுமானால் லூயியின் தம்பியைப் பாருங்கள். அதே இரவில், வேறு சாலையில், சாதாரண வண்டியில், ஆங்கிலேய வியாபாரி வேடத்தில் கிளம்பி, ஒரு கீறலில்லாமல் எல்லை தாண்டினார். 1814இல் பதினெட்டாம் லூயியாகத் திரும்பி வந்தார். நடுவில் நெப்போலியன் நூறு நாள் துரத்தியது போக, 1824 வரை ஆண்டுவிட்டு, அதே துய்லரி அரண்மனையில் முழுசாகச் செத்தார்.