ஒழுகும் பானையின் வர்ணப் பருவம்: ஓர் ஆய்வு

நல்ல பானைக்கு யாரும் வர்ணம் அடிப்பதில்லை. இக்கட்டுரையின் மையக் கருதுகோள் இதுவே. தண்ணீர் குளிர்கிற வரைக்கும் பானை சமையலறை மூலையில் ஈர மணல்மேல் உட்கார்ந்திருக்கும். அதன் வளைவையும் கழுத்தையும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அடி கசிய ஆரம்பித்ததும், "எவ்வளவு லட்சணமா இருக்கு பாரேன்" என்று வீட்டில் ஒருவருக்குத் தோன்றிவிடுகிறது. ஆகவே கசிவே கலைக்குத் தோற்றுவாய் எனக் கொள்க.

பானை பணி ஓய்வு பெறும் வழி இரண்டு. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே நீர் வெளியே வந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் கொண்டுபோவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஒரு விரிசல் விட்டால் கசிவு மிகுந்து வேலை போகிறது. போர்வெல் நீரின் உப்பு துளைகளை அடைத்துவிட்டால் கசிவே நின்று வேலை போகிறது. அளவாகக் கசிவது என்பது பானைக்கும் அரிய குணம்.

ஓய்வு பெற்றதைத் தூக்கிப் போட வேண்டியதுதானே என்று அயலார் கேட்கலாம். முடியாது. குடத்தைப் போட்டு உடைக்க நம் வழக்கத்தில் வேறொரு சந்தர்ப்பம் இருக்கிறது. சாதாரண செவ்வாய்க்கிழமையில் வாசலில் அதைச் செய்ய எந்தப் பாட்டியும் விடமாட்டாள். எனவே பானை மாடிப்படிக்கு அடியில் போகிறது. அங்கே அதற்குள் பழைய செருப்பு, பிளாஸ்டிக் பை, சிலந்தி ஆகியன குடியேறுகின்றன. இதை இருண்ட காலம் என்போம். வர்ணக் காலம் இதற்கு அடுத்த அடுக்கு.

களத்தில் பதிவான உரையாடல் ஒன்று கருதுகோளுக்கு வலு சேர்க்கிறது.

"ஏம்மா, நல்ல பானையில போயி பெயிண்ட் அடிக்கிறே?"

"நல்ல பானை இல்ல அத்தை, ஒழுகுற பானை."

"அப்ப சரி."

மாமியார் மருமகள் இருவரும் மறுபேச்சின்றி ஒத்துப்போன இடம் என்ற வகையிலும் இது அரிய ஆவணம்.

முன்னோர் இவ்வளவு சிரமப்படவில்லை. கருப்பு-சிவப்புப் பானைக்குத் தூரிகையே வேண்டியிருக்கவில்லை. சூளையில் கவிழ்த்து வைத்தார்கள். காற்றுப் புகாத உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்தன, காற்றோட்டத்தோடு வெந்த வெளிப்புறம் சிவந்தது. எழுதவும் எழுதினார்கள். கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருக்கிறது. இன்றைய பானையில் 'வெல்கம்' என்று இருக்கிறது. பின்னொரு காலத்து ஆய்வாளர் வெல்கம் என்பவரை இவ்வட்டாரத்துப் பெருநிலக்கிழார் என்று முடிவு கட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அலங்காரப் பானையின் நேரடி மூதாதையைத் தேடுவோர் சோளக்கொல்லைக்குப் போக வேண்டும். பொம்மைக்குத் தலையாகக் கவிழ்த்த கரிச்சட்டியில் சுண்ணாம்புப் புள்ளியும் கண்ணும் மீசையும் வைத்தவரே நம் முதல் பானை ஓவியர். அதுவும் ஓட்டைச் சட்டிதான்.

இன்றைய செய்முறை பின்வருமாறு. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உப்புத்தாளால் இழைத்து, வெள்ளை ப்ரைமர் ஒரு கோட். அது காய்ந்ததும் அக்ரிலிக், கடைசியில் வார்னிஷ். ப்ரைமர் காயும்வரை பொறுப்பவர் யாருமில்லை. பிள்ளைகளின் தூரிகை, அப்பாவின் பழைய டூத்பிரஷ், காதுக் குச்சி எல்லாம் இந்த நேரத்தில் மாயமாகும்.

அடுத்தது என்ன வரைவது என்ற வினா. விடை பெரும்பாலும் வார்லி. மகாராஷ்டிரத்தின் பால்கர், தானே பக்கத்துப் பழங்குடியினர் அரிசிமாவைக் கரைத்துச் செம்மண் சுவரில் தீட்டும் ஓவியம் அது. முனையோடு முனை தொடும் இரண்டு முக்கோணம் உடம்பு, மேலே ஒரு வட்டம் தலை, குச்சி குச்சியாய்க் கைகால். ஓவியம் வராதவர்க்கும் வரும் ஓவியம் என்று நம்மவர்கள் அதற்குள் இறங்கிவிட்டார்கள். (வார்லிக்காரர்கள் சுழல் வட்டமாக ஆடவிடும் அந்த நடனத்தை ஒரு முறை வரைந்து பார்த்தால் தெரியும், வருகிறதா இல்லையா என்று.)

இதனால் விளையப்போகும் வரலாற்றுக் குழப்பம் சிறிதன்று. 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் பானை ஓடுகளை வைத்துத்தான் மண்ணடுக்குகளுக்குக் காலம் கணித்தார். ரோமானிய வணிகத்தையும் காட்டினார். அதே முறைப்படி நாளைய வீலர் ஒருவர் தாம்பரத்தைத் தோண்டினால் என்ன எழுதுவார்? 21-ஆம் நூற்றாண்டில் வார்லி மக்கள் இங்கே பெருந்திரளாகக் குடியேறி, மூன்றாவது மாடியில் வசித்து, மணி பிளாண்ட் என்னும் கொடியை வரவேற்பறையில் வைத்து வழிபட்டனர் என்று எழுதுவார். சான்றும் காட்டுவார்.

கொடி என்றதும் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் குறுக்கிடுகிறது. வெளிப்பக்கம் மட்டும் வர்ணம் பூசிய பானையில் மண்ணைப் போட்டுச் செடிக்குத் தண்ணீர் விட்டால், ஈரம் உள்ளிருந்து சுவரில் ஊறி வெளியே வர வழி பார்க்கும். அக்ரிலிக் தடுக்கும். முதலில் ஆடுகிற பெண்ணின் இடுப்பருகே அம்மைக் கொப்புளம் போல ஒரு புடைப்பு எழும். நகத்தால் சீண்டினால் தோல் மாதிரி உரிந்து வரும்; அடியில் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும். ஓய்வு கொடுத்த பின்னும் பானை தன் வேலையை விடவில்லை என்பதே இதன் பொருள். உள்ளே பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை இறக்கி, அதில் செடியை வைத்தால் இது தீரும். ஆனால் அதற்குள் செருப்பு மறுபடி வந்துவிடுகிறது.

இந்தக் கோடைக்கு வாங்கிய புதுப் பானை நன்றாகவே குளிர்கிறது. இருந்தும் அதன் கழுத்துக்கு மயில் எடுக்குமா, மாங்காய்க் கரை எடுக்குமா என்ற விவாதம் சமையலறையில் தொடங்கிவிட்டது. இது மையக் கருதுகோளுக்கு நேர் விரோதம். ஆகவே இதை அடிக்குறிப்பில் தள்ளிவிட உத்தேசம்.