ஊட்டையே தூக்கிட்டு மலையேறப் போறயா கண்ணு?

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. முதுகுல இருக்கற அந்த மூட்டைய மொதல்ல எறக்கி வை. ஊட்டைக் காலி பண்ணிட்டுப் போறயா, வெள்ளியங்கிரிக்குப் போறயா? மலைக்குத்தானா? செரி. அதுக்கு எதுக்குச் சாமி இத்தனை ஜிப்பு?

ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டு பாக்கலாம். இதென்ன, குழாயா? முதுகுல தண்ணிப் பை, வாயில குழாய். பாட்டிலத் தூக்கிக் குடிக்கறதுக்கே இத்தனை சடவுன்னா, ஏழு மலைய எப்படிக் கண்ணு தூக்கப்போற? இது என்ன, அலுமினியக் குச்சியா? அதும் ரெண்டு! பூண்டி அடிவாரத்துல மூங்கத்தடி விக்கறாங்க. காலங்காலமா பல்லுப் போன பெருசுங்ககூட அதைத்தான் ஊனிட்டு ஏறி எறங்குது. மடக்கிப் பையில வெக்க முடியாது, அது ஒண்ணுதான் அதுல கொறை. கையில கட்டியிருக்கறது கடியாரமா? எத்தனை அடி நடந்தீன்னு சொல்லுமா? எப்பத் தண்ணி குடிக்கோணும்னும் சொல்லுமா? அட கெரகமே, தாகம் எடுத்தா உனக்குத் தெரியாதா?

செரி, அதெல்லாம் உடு. மழை வந்தா என்ன பண்ணுவ? பாத்தயா, முழிக்கற. பிப்ரவரியில இருந்து மே வரைக்குந்தான் மலைப்பாதையத் தொறந்து உடறாங்க. மாசியில போனா ரவைக்கு எலும்பு வரைக்கும் குளுரும். சித்திரையில போனா கோடை மழை இடியும் மின்னலுமா வரும். ஏழாவது மலை கிட்டத்தட்ட 6000 அடி. ஆயிரம் மீட்டர் மேல போனா 6.5 டிகிரி குளுரு கூடும்னு உன்ற பள்ளிக்கூடப் புஸ்தகத்துலயே போட்டிருந்துதே, பரிச்சைக்குப் படிச்சதோட செரியா? அதுக்கு மேல காத்து வேற. ஆளத் தள்ளற காத்து. நீ போட்டிருக்கற ஜீன்ஸ் நனைஞ்சுதுன்னா அங்க காயவே காயாது, ஒடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிரும். மொதல்ல கை நடுங்கும். பொறவு பேச்சுக் கொழறும். நடுக்கம் நின்னு போயி, கண்ணு சொக்குதுன்னா, அப்பத்தான் கண்ணு நெம்ப ஆபத்து. ‘செரியாயிருச்சு’ன்னு நெனச்சுப் படுத்துறாத. நனைஞ்ச துணியக் கழட்டிப் போட்டு, காஞ்ச துணி சுத்தி, ஆள் தொணையோட ஒதுக்குப்பொறமா உக்காரோணும். இத்தனை ஜிப்புல காஞ்ச துணி ஒண்ணு எங்கயாவது இருக்குதா?

இல்லையா? நெனச்சேன்.

நாஞ்சொன்னா பட்டிக்காட்டுப் பேச்சும்ப. அமெரிக்கான்னா கேப்பயல்ல? அப்ப ஒரு அமெரிக்காக் கெழவி கதைய சொல்றேன், கேளு. எம்மா கேட்வுட்னு பேரு. ஓஹையோப் பக்கம் காட்டு வேலை பாத்த பொம்பள. புள்ளைங்க 11 பேரு. அப்பலேச்சியன் பாதைன்னு அங்க ஒரு மலைப்பாதை, ஜார்ஜியாவுல தொடங்கி மெய்ன் வரைக்கும் போகுது. அந்தக் காலத்துல சுமார் 3,300 கிலோமீட்டர். 1955-ல, 67 வயசுல, புள்ளைங்ககிட்ட ‘சித்தெ நடந்துட்டு வர்றேன்’னு சொல்லிட்டு அந்தம்மா கெளம்பிருச்சு. எங்க போகுதுன்னு மூச்சு உடல.

என்ன கொண்டு போச்சுங்கற? கூடாரம் இல்ல. தூங்கற பை இல்ல. கையால தச்ச துணிப்பை ஒண்ணு, தோள்ல தொங்குச்சு. அதுல ஒரு கம்பளி. மழைக்கு, குளிக்கற ரூம்புல தொங்க உடுவாங்களே, அந்தப் பிளாஸ்டிக் சீலை. காலுல கான்வாஸ் சூ. திங்கறதுக்குக் கடலை, காஞ்ச திராட்சை. நீ எச்சா காசு குடுத்து, பளபளன்னு காயிதம் சுத்தி வாங்கியிருக்கறயே, அந்தக் கட்டியப் பிச்சுப் பாரு, உள்ள அதேதான் இருக்கும்.

அந்த வருசம் ஆகஸ்டுல கோனி, டயான்னு ரெண்டு புயலு, ஒண்ணு போயி ஒரு வாரம் ஆகறதுக்குள்ள இன்னொண்ணு. ஊரெல்லாம் வெள்ளம். பாலம் இல்லாத ஒரு பள்ளத்துல தண்ணி பொரண்டு ஓடுது. கெழவி என்ன பண்ணுச்சு? வீரத்தைக் காட்டறேன்னு குதிச்சுதா? ஆளு வரட்டும்னு உக்காந்துருச்சு. ரெண்டு வாலிபப் பசங்க வந்தாங்க. நடுவுல கெழவியக் கயித்துல கட்டிப் புடிச்சுக் கடத்தி உட்டாங்க. செப்டம்பர் 25-ந் தேதி, பாதை முடியற கட்டாதின் மலை உச்சியில போயி நின்னுருச்சு.

நெம்பக் குஷியாகாத கண்ணு. கான்வாஸ் சூவும் பிளாஸ்டிக் சீலையும் போதும்னு சொல்ல வரல. அதுக்கு முந்தின வருசம் அதே கெழவி மெய்ன்ல இருந்து கெளம்பி, வழி தப்பி, கண்ணாடிய ஒடைச்சு, வனக்காவலருங்க ‘போதும் தாயி, ஊட்டுக்குப் போ’ன்னு சொல்ல, பேசாமத் திரும்பி வந்துருச்சு. மானம் போச்சுன்னு மல்லுக்கு நிக்கல. அடுத்த வருசம் மறு முனையில இருந்து தொடங்குச்சு. அந்தத் திரும்பற புத்தி எந்தக் கடையில கண்ணு விக்குது? உன்ற கூட்டாளிப் பசங்க, பாதி வழியில மழை புடிச்சா, ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, வீடியோவுல மேல போறோம்னு வேற சொல்லியாச்சு’ன்னுதான ஏறுவாங்க? கூரையேறிக் கோழி புடிக்காதவன் வானமேறி வைகுண்டம் போன கதைதான்.

அதனால சொல்றேன். அந்த சூ புதுசா? புதுசப் போட்டுட்டு மலையேறினா மொத மலையிலயே குதிங்காலு கொப்புளிச்சிரும், போட்டுப் பழக்கு. டார்ச்ச வெச்சுக்க, அது நல்ல சாமான். மழைக்கோட்டு, காஞ்ச துணி ஒரு ஜோடி, கம்பளித் தொப்பி, கடலை முட்டாய், தண்ணி. மின்னல் வெட்டுனா மொட்டைப் பாறையில நின்னு போட்டோ எடுக்காத, தனி மரத்தடியிலயும் நிக்காத. வனத்துறைக்காரரு இன்னைக்கு வேண்டாம்னா, உனக்கு எந்தப் பெரிய மனுசனத் தெரியும்னு அவருகிட்டச் சொல்லாத. நெஞ்சு வலி, மூச்சு எரைப்பு இருக்கறவங்க அந்த மலைக்கு வரக்கூடாதுன்னு சும்மா சொல்லல. ஏறப்போயி நெஞ்சடைச்சு உசுர உட்டவங்க இருக்கறாங்க, வயசுப் பசங்களும் அதுல சேத்தி.

மீதிய இங்கயே வெச்சுட்டுப் போ. அந்தக் குழாயி எங்க தக்காளிச் செடிக்கு ஆகும்.

இன்னொண்ணு. உன்ற அபார்ட்மெண்டுல லிப்டு இருக்குதல்ல? நாளைக்கு இருந்து அதைத் தொடாத. எத்தனை மாடியோ, காலால ஏறி எறங்கு. ஒரு மாசம் பொறுத்து வந்து, முட்டி என்ன சொல்லுதுன்னு சொல்லு. எந்தத் தேதிக்குக் கெளம்பறதுன்னு அப்பறம் பேசிக்கலாம்.